கம்பி எலிக்கூண்டு வாங்கலாமா? ஆந்தையைக் கேட்டால் வாங்கச் சொல்லும்

மதுரையில் எலித் தொல்லை என்று ஒரு கடையில் போய் நின்றால் மூன்று சாமான் எடுத்துப் போடுவார்கள். முதலில் எலி கேக், பச்சையிலோ நீலத்திலோ சின்னச் சின்னக் கட்டியாக. அடுத்து பசை அட்டை, விரித்து வைத்தால் எலி வந்து ஒட்டிக்கொள்ளும். மூன்றாவதை நாமாகக் கேட்டால்தான் உள்ளே போய்த் தூசி தட்டி எடுத்து வருவார்கள், அதுதான் கம்பி எலிக்கூண்டு. நான் வாங்கியது இந்த மூன்றாவது. விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் இரும்புச் சாமான் கடையில் 320 ரூபாய். சில மாதமாக வீட்டில் வைத்திருக்கிறேன், எலி மாட்டுகிறது, அதனால் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கூண்டைப் பற்றி மட்டும் எழுதினால் பத்து வரியில் முடிந்துவிடும், ஆனால் மற்ற இரண்டையும் ஏன் வாங்கவில்லை என்று சொல்லாமல் இதன் அருமை புரியாது.

கடைக்காரர் கேக்கைத்தான் முதலில் நீட்டினார். "இத வைங்கக்கா, ரெண்டு மூலைல போட்டாப் போதும். வீட்டுக்குள்ள சாகாது, நாத்தமும் வராது. வெளிய போயிச் செத்துரும்."

இந்த 'வெளிய போயிச் செத்துரும்' என்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எலி கேக்கை விற்றுக் கொடுப்பதே இந்த ஒரு வார்த்தைதான். முதலில் அது முழு உண்மையும் இல்லை, பாதி எலி பரண் மேலோ ஃபால்ஸ் சீலிங்குக்கு உள்ளேயோ செத்து, எங்கே என்று தெரியாமல் வீட்டையே புரட்டிப் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். சரி, மீதி பாதி வெளியேதான் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். வெளியே என்றால் எங்கே? அங்கே யார் இருக்கிறார்கள்?

எங்கள் வீடு நாகமலைப் புதுக்கோட்டையில். பின்பக்கம் காலி மனை, கருவேலம் புதர், அதைத் தாண்டினால் மலை. சாயங்காலம் ஆனால் மின்கம்பத்தில் புள்ளி ஆந்தை ஜோடியாக வந்து உட்காரும். பகலில் கருந்தோள் பருந்து ஒன்று அந்த மனைக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்தபடி நின்று கீழே பார்த்துக்கொண்டே இருக்கும், பொத்தென்று இறங்கினால் காலில் சுண்டெலியோடுதான் ஏறும். கீரி உண்டு, சாரைப்பாம்பு உண்டு, ராத்திரியில் மரநாய் ஓட்டு மேல் நடக்கும் சத்தம் கேட்கும். மலைப்பாறைப் பக்கம் கொம்பன் ஆந்தை கூப்பிடுவதைக் கீழக்குயில்குடிக்காரர்கள் கேட்டிருப்பார்கள். அப்புறம் கூகை, வெள்ளை முகம், ஓசையே இல்லாமல் பறக்கும். இத்தனை பேருக்கும் எலிதான் சாப்பாடு. நாம் விஷம் வைத்து வெளியே அனுப்பும் எலி இவர்கள் தட்டுக்குத்தான் போய்ச் சேருகிறது.

கேக்கில் இருப்பது பெரும்பாலும் புரோமடியோலோன் என்ற மருந்து. அளவு ரொம்பக் குறைவு, 0.005 சதவீதம்தான், அதனால் ஆபத்தில்லை என்று தோன்றும். அது வேலை செய்யும் விதம் வேறு. ரத்தம் உறைவதற்கு உடம்புக்கு வைட்டமின் கே வேண்டும், ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கே-யை ஈரல் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொள்ளும், இந்த மருந்து அந்தப் புதுப்பிக்கும் வேலையை நிறுத்திவிடும். கையிருப்பு தீரும்வரை எலிக்கு ஒன்றும் தெரியாது. நாலைந்து நாள் நன்றாகத்தான் ஓடும், ஓடிக்கொண்டே இன்னும் கேக்கைத் தின்னும், அதாவது சாவதற்குத் தேவையானதைவிடப் பல மடங்கு விஷத்தை வயிற்றிலும் ஈரலிலும் ஏற்றிக்கொள்ளும். அப்புறம் உள்ளுக்குள் ரத்தம் கசிய ஆரம்பிக்கும். தடுமாறும், மெதுவாக நடக்கும், பட்டப்பகலில் சுவர் ஓரமாகத் திறந்த வெளியில் வந்து நிற்கும். தண்ணீர் தேடி வெளியே ஓடுகிறது என்று சொல்வார்கள், தாகமெல்லாம் இல்லை, மறைந்துகொள்ளும் தெம்பு போய்விட்டது, அவ்வளவுதான். வேட்டையாடும் பறவைக்கு இதைவிடச் சுலபமான எலி கிடைக்குமா? நல்ல எலியை விட்டுவிட்டு விஷ எலியைத்தான் முதலில் தூக்கும்.

கூகை எலியை அப்படியே முழுசாக விழுங்கும். ஈரலும் சேர்த்து. எலியின் ஈரலில் இருந்த மருந்து இப்போது கூகையின் ஈரலில், அங்கேயும் அது மாதக்கணக்கில் கரையாமல் உட்கார்ந்திருக்கும். ஒரு எலியில் சாகாது. அடுத்த எலி, அதற்கடுத்த எலி என்று சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் கிளையில் மோதி ஒரு சின்னக் காயம் பட்டால் போதும், ரத்தம் நிற்காது.

இந்த மருந்துக் குடும்பம் பிறந்த கதையே ஒரு சுவாரசியம். 1920களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பூஞ்சை பிடித்த தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. 1933-ல் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, செத்த மாடு ஒன்றையும் உறையாத ரத்தம் நிறைந்த ஒரு பால் கேனையும் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே போய்விட்டார். அங்கே கார்ல் பால் லிங்க் என்பவரின் ஆய்வகம் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது, அதிலிருந்து வந்ததுதான் வார்ஃபரின். 1948-ல் எலிமருந்தாகக் கடைக்கு வந்தது. இதய வால்வு மாற்றியவர்களுக்கு டாக்டர் எழுதித் தருகிற அதே வார்ஃபரின்தான், உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது சாப்பிடலாம், அடிக்கடி ரத்தப் பரிசோதனைக்குப் போவார்களே. வார்ஃபரினுக்கு எலிகள் பழகிவிட்டன, பத்து வருஷத்துக்குள் ஸ்காட்லாந்தில் சாகாத எலிகள் வந்துவிட்டன. அதனால் இன்னும் வீரியமாக, ஒரே வேளை தின்றாலே சாகிற மாதிரி 1970களில் இரண்டாம் தலைமுறை மருந்துகள் வந்தன. நம் கேக்கில் இருப்பது அதில் ஒன்று. வீரியம் கூடியதோடு, உடம்பில் தங்கும் காலமும் கூடிவிட்டது. எலிக்கு ஒரே வேளை, கூகைக்குத் தவணை முறை.

நியூயார்க்கில் ஃபிளாக்கோ என்று ஒரு பெரிய கொம்பன் ஆந்தை இருந்தது. 2023 பிப்ரவரியில் சென்ட்ரல் பார்க் விலங்குக் காட்சிசாலையில் யாரோ கூண்டு வலையை அறுத்துவிட, வெளியே வந்து, பிறந்ததிலிருந்து கூண்டிலேயே கிடந்த பறவை தானாக வேட்டையாடக் கற்றுக்கொண்டு ஒரு வருஷம் அந்த ஊரில் சுற்றியது. 2024 பிப்ரவரியில் ஒரு கட்டடத்தின் அருகே விழுந்து கிடந்தது. பரிசோதித்தபோது புறாக்களிடமிருந்து தொற்றிய ஒரு வைரஸோடு, நான்கு வகை எலிமருந்தும் அதன் உடம்பில் இருந்தது. கலிஃபோர்னியா மாநிலம் 2020-லேயே சட்டம் போட்டு இரண்டாம் தலைமுறை மருந்துகளின் பெரும்பாலான பயன்பாட்டை நிறுத்திவிட்டது. இங்கே பெட்டிக்கடையில் கேட்டாலும் கொடுப்பார்கள்.

அதெல்லாம் அமெரிக்காக் கதை, நம்ம ஊரில் அப்படிச் சாகிறதா என்று கேட்டால், எத்தனை என்று யார் எண்ணுவது? போன வருஷம் எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் பகல் பதினொரு மணிக்கு ஒரு கூகை தரையில் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் காக்கைகள் கொத்துகின்றன, பறக்க மாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டு அத்தை, "சாக்குருவிடி, வீட்டுப் பக்கம் கொண்டு வந்துறாத" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அட்டைப்பெட்டியில் வைத்து அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போனோம், அன்று ராத்திரியே முடிந்துவிட்டது. விஷம்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஈரலை லேபுக்கு அனுப்பிப் பார்த்தால்தான் தெரியும், செத்த ஆந்தைக்கு அதையெல்லாம் யார் செய்யப் போகிறார்கள். பிணந்தின்னிக் கழுகுகள் விஷயத்திலும் இப்படித்தான் பல வருஷம் ஓடியது, மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்து, 2006-ல் மாட்டுக்குப் போடத் தடை வந்தபோது நாட்டில் பெரும்பாலான கழுகுகள் போய்ச் சேர்ந்திருந்தன.

கேக் போதும். பசை அட்டைக்கு வருவோம், இதற்கு ரொம்ப நேரம் செலவழிக்க விருப்பமில்லை. விஷம் இல்லை, சுத்தம், அறுபது எழுபது ரூபாய். ஆனால் பசைக்கு எலி எது, அரணை எது என்று தெரியாது. பல்லி, மூஞ்சூறு, அணில், சிட்டுக்குருவி, குட்டிச் சாரை என்று தரையில் ஓடுவது எல்லாம் ஒட்டும். ஒட்டிக்கொண்டு கத்தும் சுண்டெலியைப் பிடிக்க வரும் புள்ளி ஆந்தையும் ஒட்டும். ஒட்டியது உடனே சாகாது, மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் துடிக்கும், இழுத்தால் தோல் கழன்று வரும். இந்திய விலங்குகள் நல வாரியம் 2011-லும் 2020-லும் இதை நிறுத்தச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. இங்கிலாந்தில் 2022-ல் சட்டம் போட்டு, 2024 ஜூலை முதல் பொதுமக்கள் பயன்படுத்தக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்து அதில் ஏதாவது பறவையோ அணிலோ ஒட்டிக்கொண்டால், பிய்க்காதீர்கள். முதலில் சுற்றியிருக்கும் வெறும் பசை மேல் மைதாவோ அரிசிமாவோ தூவுங்கள், இன்னும் ஒட்டாமல் இருக்கும். பிறகு சமையல் எண்ணெயை ஒட்டிய இடத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மெதுவாக விடுவிக்கலாம். பறவையாக இருந்தால் இறகில் எண்ணெய் பட்டதோடு பறக்க விடக் கூடாது, மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

இப்போது கூண்டு. நான் வாங்கியது ஒற்றைக் கதவு, ஸ்பிரிங் வைத்தது. அடியில் தகரம், மேலும் பக்கமும் கம்பி வலை, உள்ளே கொக்கி. கொக்கியில் தீனியைக் குத்தி, கதவைத் தூக்கி நீளக் கம்பியில் மாட்டிவிட வேண்டும். எலி தீனியை இழுத்தால் கம்பி விலகிக் கதவு டப்பென்று விழும். விளக்கவே தேவையில்லை, உங்கள் பாட்டி வீட்டில் மரப்பெட்டியில் இதே பொறி இருந்திருக்கும். கம்பி அதைவிட நல்லது, உள்ளே என்ன மாட்டியிருக்கிறது என்று திறக்காமலே தெரியும், கழுவினால் காயும்.

எனக்கு இதில் பிடித்ததே உள்ளே மாட்டியதைப் பார்த்து, வேண்டாததைத் திறந்துவிட முடிவதுதான். எங்கள் கூண்டில் எலி அல்லாமல் மூஞ்சூறு மாட்டியிருக்கிறது, ஒரு காலை அணில் ஒன்று தேங்காய்க்கு ஆசைப்பட்டு உள்ளே உட்கார்ந்திருந்தது. கதவைத் தூக்கினால் போய்விட்டன. மூஞ்சூறு எலி இனமே இல்லை, கரப்பானும் பூச்சியும் தின்பது, நமக்கு உதவிதான் செய்கிறது. அது பிள்ளையார் வாகனம் என்று பெரியவர்கள் விட்டுவிடச் சொல்வது எனக்கும் வசதி. தப்பாகப் பிடித்ததை இப்படிச் சுலபமாகத் திருப்பிவிட மற்ற இரண்டு சாமானிலும் வழி கிடையாது.

முதல் வாரம் ஒன்றும் மாட்டவில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டெலிக்குப் புதிய சாமான் என்றால் பயம், அது ஓடும் வழியில் ஒரு டப்பாவை நகர்த்தி வைத்தாலே சுற்றிக்கொண்டு போகும். அதனால் முதல் சில ராத்திரி கதவைக் கயிற்றால் கட்டி, விழாமல் திறந்தே வைத்து, உள்ளே தீனி மட்டும் போடுங்கள். பழகித் தின்ன ஆரம்பித்ததும் கயிற்றை அவிழ்த்துக் கதவை மாட்டுங்கள். வைக்கும் இடம் சுவர் ஓரம், வாய் சுவரை ஒட்டி இருக்கட்டும், எலி நடு அறையில் நடக்காது, மீசை சுவரில் உரசியபடிதான் போகும். எலிப்புழுக்கையும் எண்ணெய்க் கறை மாதிரி ஒரு கோடும் சுவரில் எங்கே தெரிகிறதோ அங்கே வைத்தால் நிச்சயம்.

தீனி விஷயத்தில் ஊரே மசால் வடை என்று சொல்லும். வைத்துப் பார்த்தேன், காய்ந்தால் உதிர்கிறது, எறும்பு மொய்க்கிறது, எலி கொக்கியை இழுக்காமலே கீழே விழுந்த தூளைத் தின்றுவிட்டு நடையைக் கட்டுகிறது. அடுப்பில் வாட்டிய தேங்காய்ச் சில்லுதான் சரி. கெட்டியாக இருக்கும், பிடித்து இழுத்தே ஆக வேண்டும், வாசமும் தூக்கும். கருவாடு இன்னும் வேகமாக வேலை செய்யும், ஆனால் பக்கத்து வீட்டுப் பூனை ராத்திரி முழுக்கக் கூண்டை உருட்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கியதில் கொக்கி ரொம்ப இறுக்கம், சுண்டெலி தீனியைத் தின்றுவிட்டுக் கதவு விழாமல் போய்விட்டது, குறடு வைத்துக் கொஞ்சம் வளைத்த பிறகுதான் சரியானது. தகரத்தின் ஓரம் மடிக்காமல் கூராக விட்டிருக்கிறார்கள், கையைக் கிழிக்கும். தினமும் காலையில் பார்க்க வேண்டும், ஊருக்குப் போகிற நாளில் கதவை மூடி வைத்துவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே மாட்டியது தாகத்தில் சாகும், அது பசை அட்டையைவிட எந்த விதத்திலும் மேல் இல்லை. கடைக்காரர் சொன்ன "தினமும் யாருக்கா எடுத்துப் பாக்குறது" என்பது நியாயமான புகார்தான். கழுவும்போது கையுறை போடுங்கள், எலி மூத்திரத்தில் இருந்துதான் எலிக்காய்ச்சல் வருகிறது, கையில் சின்னக் கீறல் இருந்தாலும் அந்தக் கிருமி நுழையும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவி வெயிலில் வைத்தால் போதும்.

அப்புறம் எல்லாரும் கேட்கிற கேள்வி, பிடித்த எலியை என்ன செய்வது? அழகான பதில் கிடையாது. வாளித் தண்ணீரில் முக்குவார்கள், எனக்கு அது முடியாது, நீங்களும் செய்யாதீர்கள், மூச்சுத் திணறிச் சாக நிமிஷக்கணக்கில் ஆகும். அடுத்த தெருவில் விட்டால் அடுத்த வீட்டுக்காரர் தலையில் கட்டுவதுதான், பாதி திரும்பியும் வந்துவிடும். மலைக்குள் கொண்டு போய் விடுவது கூடவே கூடாது, ஊர் எலியும் அதன் நோயும் காட்டுக்கு வேண்டாம். நான் சாயங்காலம் இருட்டும் நேரத்தில், வீடுகள் முடியும் இடத்தைத் தாண்டி உள்ள தரிசில் விடுகிறேன். அங்கே அதை ஆந்தை தூக்கினாலும் சரிதான், விஷம் ஏறாத எலி. கொன்றுதான் ஆக வேண்டும் என்பவர்கள் கழுத்தில் அடித்து நொடியில் முடிக்கும் ஸ்பிரிங் பொறியை, எலி மட்டும் நுழையும் ஓட்டை போட்ட ஒரு பெட்டிக்குள் வையுங்கள், அணிலும் குருவியும் மாட்டாது.

உண்மையில் கூண்டு பாதி வேலைதான். சாக்கடைக் குழாய்க்குச் சல்லடை போட்டு, சுவர் ஓட்டையில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்து அதன் மேல் சிமெண்ட் பூசி, மொட்டை மாடியைத் தொடும் முருங்கைக் கிளையை வெட்டி, அரிசியை எவர்சில்வர் டிரம்மில் போட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் எலி குறைந்தது. வீட்டெலிக்கு நம் கட்டை விரல் நுழையும் ஓட்டை இருந்தாலே போதும்.

வீட்டுக்குக் கூண்டு சரி, தோட்டத்துக்கு? சோழவந்தானில் என் தாய்மாமாவுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. தென்னையில் எலி மேலேயே குடியிருந்து குரும்பையையும் இளநீரையும் காம்புப் பக்கம் ஓட்டை போடும், காலையில் மரத்தடியில் பாதி காய் கிடக்கும். மாமா பல வருஷமாக உச்சியில் மட்டைக்கு நடுவே கேக்கைச் சொருகி வைப்பவர், வேளாண்மைத் துறையே பரிந்துரைப்பதுதான் அது. நான் கூண்டு புராணம் பாடினதும் சிரித்துவிட்டார். "ஏன்டிம்மா, மரத்துக்கு மரம் கூண்ட வச்சுட்டு நான் தெனமும் ஏறி எறங்கவா?" நியாயம்தான். ஆனால் அதே பரிந்துரையில் இன்னொன்றும் இருக்கிறது, மரத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் ஒரு தகரப் பட்டை அடிப்பது. வழுக்கிக்கொண்டு எலி ஏறாது. ஒருமுறை செலவு, மருந்தே வேண்டாம். அடுத்த மரத்து மட்டையோடு இந்த மட்டை உரசினால் மட்டும் இது உதவாது, எலி மேலோடு மேலாகத் தாண்டிவிடும், மாமா தோப்பில் ஓரத்து வரிசைக்குத்தான் இது பலித்தது. உள்வரிசையில் இன்னும் கேக் வைக்கிறார், அதில் எங்களுக்குள் சண்டை ஓயவில்லை.

நெல் வயலுக்கு வேறு கணக்கு. பெரியாறு பாசனத்தில் மேலூர் வரைக்கும் வரப்பெல்லாம் எலி வளைதான். அங்கே கேக்கைவிட அதிகம் புழங்குவது ஜிங்க் பாஸ்பைடு, கருஞ்சாம்பல் பொடி, அரிசியிலோ பொரியிலோ கலந்து வைப்பார்கள். வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாக மாறிச் சில மணி நேரத்தில் கொன்றுவிடும். இது ஈரலில் தங்குவதில்லை, அந்த வகையில் ஆந்தைக்குக் கேக் அளவு மோசமில்லை. ஆனால் தானியத்தில் கலந்து வரப்பில் தூவினால் மயிலும் கவுதாரியும் சில்லையும் நேராக வந்து தின்னும். மயில் கூட்டமாகச் செத்துக் கிடந்த செய்தி நம் பக்கத்துப் பேப்பரில் அவ்வப்போது வருகிறதே, பல தடவை காரணம் இப்படி விஷம் கலந்த தானியம்தான். வைத்தே தீர வேண்டும் என்றால் வளைக்குள் போட்டு மண் வைத்து மூட வேண்டும், வரப்பு மேல் திறந்து வைக்கவே கூடாது.

வயலில் வரப்பைச் சிறிதாக வெட்டினாலே எலிக்கு வளை தோண்ட இடமில்லாமல் போகும். தஞ்சாவூர் கிட்டி வைக்கலாம், மூங்கிலில் வில் மாதிரி செய்வது, டெல்டாவில் ஆள் வைத்துப் பிடிப்பார்கள். பறவைத் தாங்கி நடலாம், நீளக் குச்சியின் தலையில் குறுக்குக் கட்டை, ராத்திரி ஆந்தை வந்து உட்கார. பால் பிடிக்கும் பருவத்தில் மட்டும் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் நெல் தின்னும் குருவிக்கும் அதுவே நாற்காலி. இஸ்ரேலில் 1980களில் ஒரு கூட்டுப் பண்ணையில் விஷத்தைக் குறைத்துவிட்டுக் கூகைக்குப் பெட்டி வைத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள், அது நாடு முழுக்கப் பரவி, 2002-ல் ஜோர்டானும் பாலஸ்தீனமும் சேர்ந்துகொண்டன. மனுஷன் எல்லையில் அடித்துக்கொள்ளும் இடத்தில் கூகைகள் மூன்று நாட்டு எலியையும் தின்கின்றன. மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் இதே பெட்டிதான். குஞ்சு வைத்திருக்கும் ஒரு கூகைக் குடும்பம் ஒரு வருஷத்தில் ஆயிரத்துக்கு மேல் எலி தின்னும் என்று சொல்கிறார்கள், அதை நாம் சாக்குருவி என்று கல்லால் அடிக்கிறோம். பழைய புளியமரப் பொந்தும் பாழடைந்த கிணறும் இருந்தால் அதுவே அதற்கு வீடு, மூடாமல் விட்டாலே போதும்.

ஆந்தை செத்தால் எலிக்குத்தான் லாபம் என்பதும் கணக்கில் வர வேண்டும். எலிக்குக் கர்ப்பம் மூன்று வாரம்தான், வருஷத்துக்குப் பல ஈடு. கூகை முட்டை பொரிக்கவே ஒரு மாதம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு மாதம். இரண்டையும் சேர்த்துக் கொன்றால் எது முதலில் திரும்பி வரும்?

விஷம் வைப்பதை இன்றே விட முடியாதவர்கள் சிலர் இருப்பார்கள், கோடவுன், ரைஸ் மில், கோழிப்பண்ணை என்று. அவர்களாவது பூட்டு வைத்த தீனிப் பெட்டிக்குள் வைத்து, வேலை முடிந்ததும் மிச்சத்தை எடுத்துவிட்டு, செத்த எலியைத் தேடி எடுத்து ஆழமாகப் புதைக்கட்டும். குப்பையில் எறிந்தால் காக்கையும் செம்பருந்தும் தெருநாயும் தின்னும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டுக்கு நம் அரசு தடை போட்டாகிவிட்டது, மனிதர்களின் ஈரலை அது கெடுத்துக் கொன்றதால், யாராவது பழைய ஸ்டாக்கைத் தள்ளப் பார்த்தால் வாங்காதீர்கள்.

சரி, மதிப்பெண். கூண்டுக்கு ஐந்துக்கு நாலு. ஒன்று குறைத்தது கூரான தகர ஓரத்துக்கும் இறுக்கமான கொக்கிக்கும் சேர்த்து, 320 ரூபாய் வாங்குகிறவர்கள் ஓரத்தை மடித்துக் கொடுத்திருக்கலாம். கடைக்கும் நாலு கொடுப்பேன், கேக்கைத் தள்ளப் பார்த்தாலும் கேட்டதை எடுத்துக் கொடுத்து, கதவு விழுகிறதா என்று கல்லாவில் வைத்தே போட்டுக் காட்டினார். வாங்கும்போது நீங்களும் போட்டுப் பார்த்து வாங்குங்கள், சில கூண்டில் கதவு பாதியில் சிக்கி நிற்கிறது. பெருச்சாளிக்கு இந்த சைஸ் பத்தாது, கதவு அதன் முதுகில் விழுந்து அப்படியே பின்னால் வந்துவிடும். அதற்குப் பெரிய கூண்டு தனியாக இருக்கிறது, 550 சொன்னார், பேசினால் 500-க்குத் தருவார்.